வேலம்மாளின் ஆறாத தாடையும் எலும்பு மாத்திரையும்

அனுப்புநர்:
சாந்தகுமாரி ஜெயசீலன்,
பள்ளி ஆசிரியை,
கிட்வாய் நகர், புது தில்லி.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு பல் மருத்துவமனை, புது தில்லி.

பொருள்: ஈறு நோய்க்கு எலும்பு மாத்திரை உட்கொண்ட வேலம்மாளின் ஆறாத புண்ணுக்கு உடனடிச் சிகிச்சையும், எனக்குப் பல் பிடுங்குவதை நிறுத்திவைப்பதும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழர் என்று அறிந்து தமிழிலேயே எழுதுகிறேன். இந்தியில் எழுதினால் என் பதற்றத்தில் பாதிதான் வரும்.

1. ஈறு நோயால் என் தாடை எலும்பு கரைந்து முன்பற்கள் ஆடின. முதல் வகுப்பில் தமிழ் கற்பிக்கும் எனக்குத் ‘தந்தை’ என்று சொல்லவே நாக்கு தயங்கியது. தங்கள் மருத்துவமனையில் பற்களைச் சுத்தம் செய்து, எலும்பைக் காக்கும் மாத்திரையை வாரம் ஒன்றாகத் தந்தார்கள். மறு வருட எக்ஸ்ரேயில் எலும்பு மேலும் கரையாமல் நின்றிருந்தது. இன்றும் நன்றியுடையேன்.

2. அங்கே பெஞ்சில் பழக்கமானவர் வேலம்மாள். கட்டட வேலை செய்பவர். அவருக்கும் அதே மாத்திரை. மே மாதம் அவருடைய கடைவாய்ப்பல் ஒன்றை அங்கேயே பிடுங்கினார்கள். குழி இன்னும் மூடவில்லை. “நாக்க வெச்சா எலும்பு தட்டுது டீச்சர். டீ குடிச்சாக்கூட எரியுது” என்று அழுதார்.

3. சென்ற வாரம் அவரை அழைத்து வந்தேன். பணியிலிருந்த மருத்துவர் வாயைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை. “யே லோக் முஹ் ஸாஃப் நஹீ ரக்தே” என்று நர்ஸிடம் சொன்னார். இவர்கள் வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில்லையாம். வேலம்மாளுக்கு இந்தி நன்றாகத் தெரியும், ஐயா. எழுந்து வெளியே போய்விட்டார்.

4. இம்மாத்திரை உட்கொண்டவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் போவதாகச் செய்தித்தாளில் வந்ததை என் கணவர் படித்துக் காட்டினார். வேலம்மாளுக்கு நேர்ந்தது அதுதானா என்று நான் அறியேன். அறிந்தவர்கள் பார்க்கவே இல்லை என்பதுதான் என் புகார். வரும் திங்களன்று என் சொத்தைப் பல்லைப் பிடுங்குவதாக இருக்கிறார்கள். மாத்திரையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரும்பலகையில் எழுதும்போதும் என் நாக்கு அந்தப் பல்லைத்தான் தடவிக்கொண்டிருக்கிறது.

இனி மருத்துவமனைக்கு வரவே மாட்டேன் என்றிருந்த வேலம்மாள் நேற்று ஒருவாறு இசைந்தார். “நீங்க பேச வேணாம் டீச்சர், பெரிய டாக்டர்கிட்ட நானே இந்தில சொல்லிக்கிறேன்” என்றார். வியாழன் காலை தங்கள் அறை வாசலில் இருவரும் நிற்போம். அருள்கூர்ந்து அவர் சொல்வதைக் கேட்டு, வாயைத் திறந்து பாருங்கள். என்னைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இடம்: புது தில்லி
நாள்: 06.09.2005

தங்கள் பார்வையை வேண்டி நிற்கும்,
(ஒப்பம்)
சாந்தகுமாரி ஜெயசீலன்