என் பெயரில் வேலைக்குப் போன அண்ணனுக்கு

பாசமுள்ள அண்ணே,

அலுத்துப்போய் எழுதுகிறேன். மதுரை லேபர் ஆபீஸில் இன்று ஐந்தாவது வாய்தா. அருப்புக்கோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன.

என் பெயர்ப்பலகையில் பி.ஏ., பி.எல். என்று போட்டிருக்கிறது. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தைக் கல்லூரியில் இரண்டே வகுப்பில் முடித்துவிட்டார்கள். "மில்லு வெவரமெல்லாம் எப்படிய்யா தெரியும்?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். நானும் ஜின்னிங் மில்லில் பஞ்சு தள்ளியவன் என்பேன். அதோடு நிறுத்திக்கொள்வேன்.

மீதி உனக்குத் தெரியும். அறுபத்திரண்டில் நான் மில்லுக்குத் தெரியாமல் பரீட்சை எழுதப் போன அன்று, என் வேலை போய்விடக் கூடாதென்று என் பெயரில் நீ உள்ளே போனாய். நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வதுதான். மேஸ்திரியும் கண்டுகொள்ள மாட்டார். மெஷின் பெல்ட்டு உன்னை இழுத்துக் கொன்றுவிட்டது. பதிவேட்டில் இருந்ததோ என் பெயர்.

"அன்னைக்கு வேலை பாத்தது யாருப்பா?" என்று விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டார். ஆள்மாறாட்டக் கேஸ் வந்தால் படிப்பு போய்விடுமே என்று பயந்தேன். "நான்தான்" என்றேன். மதினி கொடுத்துவிட்ட சோற்றை நீ எனக்குக் கொண்டுவந்த இடத்தில் தவறி விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் நஷ்டஈடு எதுவும் கிடைக்கவில்லை. என்னை நீ மன்னிப்பாயா, அண்ணே?

இப்போது நான் நடத்துகிற வழக்கும் அதேதான். திருச்சுழிப் பக்கம் முத்துவேல் என்பவன் மில்லில் செத்துப்போனான். போனது கூட்டாளி கருப்பையா பெயரில். இன்று சாட்சி சொல்லக் கூப்பிடும்முன் கருப்பையா என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம்ய்யா. உள்ள தூக்கி வச்சிருவாக. படிச்சவுகளுக்கு எங்க பயம் எப்படித் தெரியும்?"

"தெரியும்லே. எங்கண்ணன் செத்தப்ப நான் பொய் சொன்னவன்."

இதை ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அவன் என் கையை விட்டான். பிறகு உள்ளே போய், "எம்பேர்ல வந்தது முத்துவேலுதான்" என்று சொல்லிவிட்டான். நாளைக்கு அவனுக்கு வேலை இருக்குமா? அதற்கும் நான்தான் அலைய வேண்டும்.

உன் வழக்குக்குக் காலம் கடந்துவிட்டது. சட்டத்தில் இனி வழியில்லை. ஆனால் மதினி இன்றும், "அன்னைக்கு நான் சோத்தக் குடுத்துவிடாம இருந்திருந்தா அவுக இருந்திருப்பாக" என்று தன்னையே நொந்துகொள்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நானும் இத்தனை வருஷம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் குமாரலிங்கபுரம் போய் மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். விளக்குமாற்றால் அடித்தாலும் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.

நீ சாகக் காரணமான
உன் உடன்பிறந்த தம்பி