முதல் படத்தில் வந்த கைகள்

கிள்ளான்
14.7.2024

அன்புள்ள வடிவு,

நலம். உன் நலத்தை அறிய ஆவல். என் எழுத்தைப் பார்த்து உனக்கு ஆச்சரியமாக இருக்கும். போனில் எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. மருமகளை நடுவில் வைத்துக் கத்திப் பேசுவதைவிட இது மேல்.

செய்தி இதுதான். ஆகஸ்ட் 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிரிஞ்சாங் மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழா. "நம்ம தோட்டத்துப் பொண்ணு நடிகை மோகனா, கலையுலகில் ஐம்பது ஆண்டு" என்று பேனர் அடித்திருக்கிறார்களாம். சங்கச் செயலாளர் ஜெகதீஸ்வரன் விழா மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு கேட்கிறார். எனக்கோ எல்லாம் கலந்துபோகிறது. வானொலி நாடகம் எந்த வருடம், சென்னையில் நடித்த இரண்டு படங்களில் எது முந்தியது, எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. அந்த மாமியார் தொடர் மட்டும் மறக்காது. அது ஓடிய மூன்று வருடமும் மார்க்கெட்டில் மீன்காரி எனக்கு நல்ல மீனே தரவில்லை.

தோட்டத்தில் முதல் படம் எடுத்த கதையை நீதான் எழுதித் தர வேண்டும். நீதான் அன்று பக்கத்தில் இருந்தாய்.

அன்புடன்,
மோகனா

&nbsp;

தோட்டம், பிரிஞ்சாங்
22.7.2024

மதிப்புக்குரிய நடிகை மோகனா அவர்களுக்கு,

இப்படித்தானே எழுத வேண்டும்? வேலாயி என்று உன் சொந்தப் பெயரை எழுதினால் தபால்காரருக்கே ஆள் தெரியாது.

பதினோரு வருடம் கழித்து உனக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது, அதுவும் உன் கதையை எழுதித் தருவதற்கு. என் வீட்டுக்காரர் கந்தசாமி செத்தபோது ஒரு மலர் வளையம் அனுப்பினாய், பெரியதாக. ஊரே அதைப் பார்த்ததே தவிர, பெட்டியில் படுத்திருந்தவரைப் பார்க்கவில்லை. உயிரோடு இருந்தபோது மட்டும் என்ன? நீ டிவியில் வந்துவிட்டால் அந்த மனுஷன் என்னிடம் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். நீ கண் தெரியாத அம்மாவாக நடித்த நாடகத்துக்குத் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு இரண்டு பிரசவம் நடந்தது, ஒரு சொட்டு வரவில்லை.

சரி, கதை கேட்டாய். சொல்கிறேன்.

1974 ஜனவரி. மூன்று நாள் மூடுபனி. படக்காரர்கள் லோரியில் வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். நீ அந்த வரிசையிலேயே இல்லை. துரை பங்களா சமையல்கட்டில் இருந்தாய். டைரக்டருக்குக் காப்பி கொண்டுவந்தாய், அவர் உன்னைப் பார்த்துவிட்டார். சரி, மூஞ்சி உன்னுடையது. அதில் எனக்குப் பேச்சில்லை.

ஆனால் தேயிலைக் கொழுந்து எடுக்கச் சொன்னதும் நீ கிளையோடு பிய்த்தாய். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என்னைக் காட்டி, "அந்தப் பொண்ணு கைய மட்டும் எடுங்க" என்றார். உன் கண்ணாடி வளையலைக் கழற்றி என் கையில் ஏற்றினார்கள். ஒன்று உடைந்து மணிக்கட்டைக் கிழித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. எனக்குக் கொடுத்தது ஒரு டின் பிஸ்கட்.

அந்தப் படத்தில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்த கை என் கை. பத்திரிகையில் "மோகனாவின் விரல்கள் நடிக்கின்றன" என்று எழுதினான் ஒருவன். அதைக் கந்தசாமியே எனக்கு வாசித்துக் காட்டினார். "இது என் கைங்க" என்று சொன்னேன். "போதும்லா, பொறாமப்படாத" என்றார்.

பொறாமைதான். இல்லையென்று யார் சொன்னது? இந்த விழாவில் மேடை ஏறி உண்மையைச் சொல். அது போதும்.

இப்படிக்கு,
வடிவம்மாள்

&nbsp;

கிள்ளான்
31.7.2024

அன்புள்ள வடிவு,

உன் கோபமான கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கந்தசாமி அண்ணன் விஷயத்தில் நான் நேரில் வந்திருக்க வேண்டும். அப்போது படப்பிடிப்பு என்று சொன்னேன். உண்மையில் உன் முகத்தைப் பார்க்கப் பயம்.

கை விஷயத்தை இப்போது கிளற வேண்டாம், தாயே. ஐம்பது வருடம் கழித்து, எழுபது வயதில், நான் ஏமாற்றுக்காரி என்று பேர் வாங்கவா? மலர் அச்சுக்குப் போய்விட்டது. படம் எடுத்தவர்களில் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை.

இப்போது வேறு ஒரு இக்கட்டு. ஜெகதீஸ்வரன் மேடையில் தொட்டியில் நான்கு தேயிலைச் செடி வைக்கப்போகிறாராம். அந்தப் பழைய காட்சியைத் திரையில் ஓட்டிவிட்டு, நான் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து எடுத்துக் காட்ட வேண்டுமாம். "ஒரு நிமிஷம்தான்மா, ஜனங்க ஆசப்படறாங்க" என்கிறார். முன்வரிசையெல்லாம் தோட்டத்து ஜனம். எப்படி எடுப்பது என்று எழுதி அனுப்பு. பால்கனியில் ஒரு செம்பருத்தி இருக்கிறது, அதில் பழகிக்கொள்கிறேன். இதை வேறு யாரிடம் நான் கேட்க முடியும்?

உனக்கு மூன்றாவது வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
மோகனா

&nbsp;

தோட்டம், பிரிஞ்சாங்
8.8.2024

அன்புள்ள வேலாயி,

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. வயசாகிவிட்டது, இனி என்ன சண்டை?

கொழுந்து எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நகத்தைக் கொஞ்சம் வளர்த்துக்கொண்டு வா. இடது கையால் கிளையைப் பிடித்துக்கொள். வலது கையின் கட்டைவிரல் நகத்தை இரண்டு இலைக்குக் கீழே வைத்து, நறுக்கென்று வெட்டு. ஒன்று ஒன்றாக, நிதானமாக. எடுத்ததை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டிவிட்டுக் கூடையில் போடு. பார்க்க அழகாக இருக்கும்.

இங்கே இப்போது பாதி மலையை மெஷின் வைத்துத்தான் வெட்டுகிறார்கள். ஆனாலும் கையால் எடுத்த பழைய ஆட்கள் நாற்பது பேராவது வருவார்கள். எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், முன்னால் போய் உட்காருங்கள் என்று. பயப்படாமல் செய்.

உன்,
வடிவு

&nbsp;

கிள்ளான்
27.8.2024

அன்புள்ள வடிவு,

நேற்று இரவு வீடு வந்து சேர்ந்தேன். சால்வை எட்டு, பழக்கூடை மூன்று. உன்னைத்தான் காணோம்.

நீ எழுதியதை முதலில் படித்தபோது செம்பருத்தியின் பக்கத்தில் நின்றிருந்தேன். நகத்தால் ஒரு இலையை வெட்டினேன். உடனே உன் குரல் காதில் கேட்டது. "நகம் படாம ஒடிடி! நகம் பட்டா கறுத்துப்போவும், கங்காணி கூடையோட கொட்டிருவாரு!" அந்த ஜனவரியில் படக்காரர்கள் முன்னாலேயே நீ என்னைத் திட்டினாய். ரெண்டு கையும் ஓடணும், விரல் நுனிச் சதையால் ஒடிக்கணும், பார்க்காமலே தோளுக்குப் பின்னால் வீசணும் என்றாய். எந்த வருடம் என்ன நடித்தேன் என்பதெல்லாம் மறந்த எனக்கு இது மறக்கவில்லை.

முதலில் சிரித்தேன். பிறகு வயிறெரிந்தது. நாற்பது பேர் முன்னால் என்னைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைக்கத்தானே இந்த இனிப்பான கடிதம்? கிழித்துப் போடத்தான் நினைத்தேன்.

உன் பொறாமையை நீ எழுதிவிட்டாய். என்னுடையதையும் கேட்டுக்கொள். முதல் படம் வெளியானபோது நான் தியேட்டரில் உட்கார்ந்திருந்தேன். என் முகம் வந்தபோது ஜனம் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தது. உன் கை வந்ததும் தியேட்டரே அமைதியானது. அன்றிலிருந்து எந்தக் கேமராவையும் என் கைக்குப் பக்கத்தில் விட்டதில்லை. முந்தானைக்குள் மறைத்துக்கொள்வேன். அதை "மோகனா பாணி" என்று எழுதினார்கள், பிற்பாடு வந்த பெண்கள் அதைப் பார்த்து நடித்தார்கள். எல்லாம் உன் கைக்குப் பயந்து செய்தது, வடிவு. இத்தனை வருடமும் நீ இருக்கும் பக்கம் வராமல் இருந்ததும் அதனால்தான்.

அதனால் நீ சொன்னபடியே செய்தேன். நகத்தால். ஒன்று ஒன்றாக. தூக்கிக் காட்டினேன். முன்வரிசையில் முதலில் ஒரு அம்மா கிளுக்கென்றது, பிறகு மொத்தமும் சிரித்தது. "ஐயோ, அப்ப படத்துல எடுத்தது யாருலா?" என்று ஒருவர் கத்தினார். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மைக்கை வாங்கி, "வடிவம்மாள்" என்றேன். டின் பிஸ்கட் வரைக்கும் சொன்னேன். அந்தக் காட்சியை மறுபடி ஓட்டச் சொன்னேன். சிரித்தவர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மூன்று தடவை உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்றாவது வரிசையில் உன் நாற்காலியில் உன் குடை மட்டும் இருந்தது. குடை என்னிடம் இருக்கிறது.

வேலாயி

&nbsp;

தோட்டம், பிரிஞ்சாங்
4.9.2024

வேலாயி,

வந்திருந்தேன். பட்டுச் சேலை கட்டி, முதல் ஆளாய் வந்து உட்கார்ந்தேன். நீ முதல் இலையை நகத்தால் வெட்டியதும் மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஐம்பது வருடம் காத்திருந்த சிரிப்பு. ஆனால் அது வந்ததும் என்னால் கேட்க முடியவில்லை. எழுபது வயதில், கூடையை மாட்டிக்கொண்டு, நான் சொன்னதை அப்படியே நம்பிச் செய்கிறாளே என்று நினைத்தேன். பக்கவாட்டுக் கதவால் இறங்கி ஓடிவிட்டேன். நீ மூன்று தடவை கூப்பிட்டபோது நான் பஸ் ஸ்டாப்பில் மழையில் உட்கார்ந்திருந்தேன். கைதட்டல் அங்கே வரைக்கும் கேட்டது. உனக்கு என்று நினைத்துக்கொண்டு வயிறெரிந்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுச் செல்லம்மா வந்துதான் சொன்னாள். பிறகு லயத்து வீட்டு ஜனம் முழுக்க வந்து என் கையைப் பிடித்துப் பார்க்கிறார்கள், தழும்பைத் தடவுகிறார்கள். கந்தசாமி இருந்திருக்க வேண்டும்.

நான் செய்தது துரோகம். அதை நீ எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மன்னிப்பதிலும் நீயே முந்திக்கொண்டாய், வேலாயி. அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

நேற்று ஜெகதீஸ்வரன் கேமராவோடு வந்தார். "அம்மா, பேப்பர்ல போடணும், கைய மட்டும் காட்டுங்க" என்றார். ஐம்பது வருடம் கேட்க ஏங்கிய வார்த்தை. எவ்வளவோ கெஞ்சினார். நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன், உன்னைப் போலவே.

குடையை அனுப்ப வேண்டாம். நீயே எடுத்துக்கொண்டு வா.

வடிவு