வைண்டர் ஆயிலும் நீல மண்ணெண்ணெயும்

டிப் ஸ்டிக்கைத் துடைத்து ஆயில் அளவு பார்க்காமல் ஒரு நாளும் வண்டியை எடுக்காத என் அருமை மாமாவுக்கு,

நீங்கள் போய் இன்றோடு ஒரு வருஷம். மற்றவர்களாக இருந்தால் போட்டோ போட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். எனக்கு அதற்கு மூஞ்சி இல்லை. உங்கள் பிக்கப் வண்டியின் இன்ஜினை நானே கொன்றேன், மாமா. அதை ஊரறியச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஊரறியச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வண்டி மைலேஜ் குறைந்ததும், "பங்க்குல டீசல் கலப்படம், அவன் நல்லா இருப்பானா?" என்று டீக்கடை டீக்கடையாக நின்று கத்தியவன் நான். பாவம், அந்த பங்க்காரன் என்னைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்வான். 

நம் தங்க மைன்ஸை மூடிவிட்டார்கள், மாமா. நீங்கள் இருந்தபோது அது வெறும் பேச்சு. சுரங்க ஷாஃப்டுக்குள் ஆட்கள் நிற்கும் கேஜை இறக்கி ஏற்றும் வைண்டிங் இன்ஜினுக்கு இருபது வருஷம் எண்ணெய் போட்ட என் கைக்கு வேலை இல்லை. உங்கள் வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். பேத்தமங்களாவில் தக்காளி ஏற்றி நம் மார்க்கெட்டில் இறக்கினால் அக்கா வீடும் என் வீடும் சாப்பிடும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் என் கையைப் பிடித்துக் கேட்டதும் அதுதானே? "மச்சான், வண்டியப் பாத்துக்கடா. அது ஓடினு இருந்தா உங்கக்கா யார் வாசல்லயும் போய் நிக்க வாணாம்."

பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள்.

நம் ஸ்கெலட்டன் லைன் குடியிருப்பில் எந்த வீட்டில் மைன்ஸ் சாமான் இல்லை? துணி காயப்போடும் கொடி மைன்ஸ் ரோப், கதவுத் தாழ்ப்பாள் மைன்ஸ் போல்ட், ஆடு கட்டும் முளை மைன்ஸ் டிரில் கம்பி. மைன்ஸிலிருந்து வந்தால் அது உசத்தி, கடையில் வாங்கினால் மட்டம். அப்படித்தானே வளர்ந்தோம்? கடைசி ஷிப்டு அன்று எல்லாரும் ஏதேதோ எடுத்தார்கள். நான் இரண்டு பெரிய டின் நிறைய வைண்டர் ஆயில் எடுத்து வந்தேன். தேன் மாதிரி கெட்டியாக, பார்க்கவே அழகாக இருந்தது.

வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டிய நாள் வந்தது. நீங்கள் எப்போதும் வாங்கும் டீசல் இன்ஜின் ஆயிலை வாங்கச் சொன்னாள் அக்கா. "போக்கா, அத்தினி ஆழத்துல கேஜ் ஒரு நாளாச்சும் வுழுந்துச்சா? ஆளுங்க உசுரயே தாங்குன ஆயில், தக்காளியத் தாங்காதா?" என்று சொல்லி ஊற்றினேன். எப்படிப்பட்ட திமிர் பாருங்கள்.

காலையில் வண்டி கிளம்பவே முனகியது. லிட்டருக்குப் பதிமூன்று கொடுத்த வண்டி பத்துக்கு வந்து, பிறகு ஒன்பதுக்கு இறங்கியது. ஆயிலைச் சந்தேகப்பட எனக்கு மனசு வரவில்லை. அது மைன்ஸ் ஆயில் ஆயிற்றே! அதனால்தான் பங்க்காரனைத் திட்டினேன்.

அப்புறம் இன்னும் கேவலமான வேலை ஒன்று செய்தேன். பாலகாட் மைன்ஸ் பக்கம் ஒருத்தன் கேனில் மண்ணெண்ணெய் விற்றான். டீசலில் பாதிக்குப் பாதி கலந்தால் செலவு சரிக்கட்டும் என்றான். நீல நிறத்தில் இருந்தது. நீல நிறம் என்றால் ரேஷன் எண்ணெய் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வாங்க முடியாது என்று உள்ளுக்குள் தெரிந்திருக்கும் போல.

அந்த மாதங்களில் அக்காவின் கண் எப்போதும் சிவந்திருக்கும். "இன்னாக்கா, அழுதியா?" என்று கேட்டால், "பொகைடா" என்பாள். உங்களை நினைத்து அழுதுவிட்டு மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய புத்திசாலி நான்!

போன மாதம் பேத்தமங்களா மேட்டில், முழு லோடோடு, வண்டி டக் டக் என்று அடித்து நின்றுவிட்டது. வெயிலில் தக்காளி நசுங்கிச் சாறாக ஒழுகியது. கட்டி இழுத்துக்கொண்டு நம் மெக்கானிக் பாஷா ஷெட்டுக்குப் போனேன். விஷயம் கேள்விப்பட்டு அக்காவும் வந்து நின்றாள்.

பாஷா இன்ஜினைப் பிரித்தார். உள்ளே கறுப்புச் சேறு. கரண்டியால் வழித்துப் போட்டார், மாமா. "இன்னா ஊத்துனீங்க? இது ஆயிலா, அல்வாவா?" என்றார். சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, வைண்டரு மெதுவா சுத்துற மெஷினு. அதுக்குள்ள நெருப்பா எரியுது? டீசல் இன்ஜினுக்குள்ள எரிஞ்சு கரி கட்டும். அந்தக் கரியக் கழுவிகினு வர்ற மருந்து இந்த ஆயில்ல கெடையாது. கெட்டி ஆயிலு, இன்ஜின் இழுக்க மாட்டாம டீசலத் துன்னுச்சு. நீங்க அதுக்கு மேல சீமெண்ணெ ஊத்தி இருக்கீங்க. டீசல்ல இருக்குற வழவழப்பு அதுல ஏது? பம்ப்பு காலி. எரியாத எண்ணெ எறங்கி ஆயிலயும் கெடுத்துடுச்சு. சிலிண்டரு போர் தேஞ்சு கெடக்குது, பாருங்க."

நான் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தேன். அவள் வண்டியின் பின்னால் கிடந்த கேனைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தாள். விரலை நனைத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது ரேஷன் எண்ணெ தானேடா?"

கேன் மூடியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"மூணு மாசமா க்யூல நின்னுட்டு வெறுங்கேனோட வர்றேன். ஸ்டாக் இல்ல, ஸ்டாக் இல்லன்றான். பச்ச வெறக ஊதி ஊதிக் கண்ணு போச்சு. அது இங்கதான் வந்து கெடக்குதா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "உங்க மாமா இதப் பாக்காமயே போய்ச் சேந்தாரு, நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சீ, அதைக் கேட்டும் உயிரோடு நிற்கிறேனே. யார் வாசலிலும் நிற்கக் கூடாது என்று நீங்கள் சொன்ன அக்காவை ரேஷன் கடை வாசலில் நிறுத்திவைத்து, அவள் அடுப்பு எண்ணெயைப் புகையாக ஊதித் தள்ளியவன் நான். கேஜ் இன்னும் ஓடினால் நான் ஆயில் டின்னோடு ஷாஃப்டுக்குள் இறங்கியிருப்பேன் என்று வசனம் பேசலாம். அதெல்லாம் எதற்கு? பங்க்காரர் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். 

பாஷா சிலிண்டர் போரைக் கடைந்து, பம்ப்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டார். மீதி வைண்டர் ஆயிலை அக்கா வீட்டுக் கிணற்று ராட்டினத்துக்குப் போட்டிருக்கிறோம். அதற்கு அது நன்றாகத்தான் இருக்கிறது.

சாவி இப்போது அக்காவின் முந்தானையில். காலையில் அவளே வந்து பானெட்டைத் திறக்கச் சொல்கிறாள். உங்கள் காக்கிச் சட்டையில் கிழித்து நீங்கள் வைத்திருந்த துடைக்கும் துணியை நான் தொடக் கூடாதாம். அவளே டிப் ஸ்டிக்கைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்க்கிறாள். பிறகு டீசல் டாங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறாள். அதற்கப்புறம்தான் சாவி என் கைக்கு வருகிறது. எனக்கு அவமானமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், மாமா.

ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன். அக்கா வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ் எரிகிறதா என்று கண்ணால் பார்க்காமல், இனி உங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்ய மாட்டேன்.

அக்கா இன்னும் தம்பி என்று கூப்பிடாத,
உங்கள் மச்சான்
சேகர்
ஸ்கெலட்டன் லைன்