ஆறு மணி வரை

சனிக்கிழமை.

மகள் கவினாவின் வகுப்புத் தோழி லீனாவுக்கு இன்று பிறந்தநாள். மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆட்களின் பிறந்தநாள் என்றால் குடும்பமாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தானே வருவோம்? அப்படித்தான் இதையும் நினைத்தேன். வேலை நேரத்தை வேறொரு நாளுக்கு மாற்றி எடுத்து, சேர்ட்டை அயர்ன் பண்ணி, நாற்பது ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சோபாவில் இருந்தேன்.

மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் வாசலோடு திரும்பினார்கள். லீனாவின் தாய் எனக்குக் கோப்பி தந்தார். அதைக் குடித்து முடித்த பிறகும் இருந்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஜெர்மனிக்கு, இந்த ஹம் நகருக்கு வந்து இத்தனை வருடம், எனக்கு விளங்கவில்லை.

கவினாதான் வந்தாள். ஒன்பது வயது. லீனாவின் தாயிடம் ஜெர்மன் மொழியில், அப்பாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது என்றாள். என்னிடம் தமிழில், "அப்பா, எழும்புங்கோ. இஞ்ச பிள்ளையள் மட்டுந்தான். ஆறு மணிக்கு வாங்கோ" என்றாள்.

பொய் சொல்லக் கூடாது என்று அவளை வளர்ப்பவன் நான். எழும்பிச் சப்பாத்தைப் போட்டேன்.

ஆறு மணிக்குக் கூட்டிக்கொண்டு காரில் வீட்டுக்குத் திரும்பும்போது, "ரோல்ஸ் முழுக்க முடிஞ்சுது" என்றாள். பிறகு கேட்டாள்: "நீங்கள் எங்கை போனீங்கள், அப்பா?"

"வீட்டை போய்ப் படுத்தனான், பிள்ளை."

"ஓம்" என்றாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "லீனான்ர அறை யன்னலாலை எங்கட கார் தெரிஞ்சது" என்றாள்.