மண்டிக்குப் போன சூசையப்பர்

சேசு மரி சூசை

விழுப்புரம்,
8-12-1943

அன்புள்ள தம்பி அருள்நாதனுக்கு,

உன் அக்காள் இன்னாசியம்மாள் எழுதுவது. நலம், நலமறிய அவா என்று தொடங்குவது முறை. உன் நலத்தை அறிய எனக்கு இப்போது அவ்வளவு அவா இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். கல்யாணமாகி ஏழு மாதம்கூட ஆகாத மாப்பிள்ளைக்கு என்ன குறை?

இன்று என்ன நாள் என்று நினைவிருக்கிறதா? அமல உற்பவ மாதா திருநாள். அந்தப் பெயரைத்தான் உன் மகளுக்கு வைத்தாய். காலைப் பூசையிலிருந்து வந்தது முதல் அமலோற்பவமேரி தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்பது வயதுப் பெண், வாயைத் திறந்து எதையும் கேட்கமாட்டாள். தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போனபின், "அப்பாவுக்கு மண்டியில வேலை ஜாஸ்தியா இருக்கும் அத்தே" என்று எனக்குச் சமாதானம் சொல்கிறாள்! வந்த ஆத்திரத்தில் காப்பியில் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டேன். முழுவதும் குடித்தேன். இந்த யுத்தத்தில் காப்பித்தூள் கிடைக்கிற லட்சணத்தில் அதைக் கொட்ட மனம் வருமா?

திண்டிவனம் என்ன பர்மாவிலா இருக்கிறது? ரயிலேறினால் கொஞ்ச நேரம். இத்தனை மாதத்தில் உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு கடிதம். "சவுரியம்மாளுக்குப் பிள்ளைகளை வைத்துக்கொள்ள இப்போதைக்கு மனமில்லை, மல்லாட்டை சீசன் முடியட்டும், பார்க்கலாம்" என்று எழுதினாய். மல்லாட்டைக்கும் மனசுக்கும் என்னடா சம்பந்தம்? நிலக்கடலை மூட்டை எல்லாம் கப்பலேறினால் உன் பெண்சாதிக்கு மனம் முளைத்துவிடுமா?

வீட்டுச் சங்கதி கேள். பிள்ளைகளின் தாய் செத்த வருஷம் நட்சத்திரம் கட்டக்கூடாதென்று போன கிறிஸ்மஸுக்கு நம் வாசல் இருட்டாகவே கிடந்தது. வருஷப் பூசை வைத்து இப்போது இரண்டு மாதம் ஆகிறது. உன் மகன் சின்னப்பன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வருஷம் கட்டலாம் இல்ல அத்தே?" என்றான். ஆறு வயதுப் பையன் கணக்கு வைத்துக்கொண்டு கேட்கிறான். நானும் மடத்தில் தையல் படித்தவள்தானே, நட்சத்திரம் என்ன பெரிய வித்தை என்று மூங்கிலைப் பிளக்க உட்கார்ந்தேன். ஐந்து குச்சியில் ஒரு நட்சத்திரம், இன்னும் ஐந்தில் அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் கட்டி, விளக்கு உள்ளே உட்காரும்படி நடுவில் குட்டைக் குச்சிகளைக் கொடுத்து உப்பவைக்க வேண்டும். என் நட்சத்திரங்களில் ஒன்று கொழுத்துவிட்டது, ஒன்று இளைத்துவிட்டது. சேர்த்துக் கட்டியதும் தவளை மல்லாந்து கிடப்பதுபோல் ஆயிற்று. பக்கத்து வீட்டு வீரம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, கோழிக்குக் கூடு கட்டிக்கினு இருக்கீங்களா?" என்கிறாள். ஆனாலும் நல்லவள். மைதா கிடைக்காததால் பசை காய்ச்சப் புளியங்கொட்டை கொடுத்தது அவள்தான்.

கிறிஸ்மஸ் குடிலைச் சுற்றிப் பயிர் வேண்டுமென்று பிள்ளைகள் ஐந்து கொட்டாங்கச்சியில் மண் நிரப்பிக் கேப்பை விதைத்திருக்கிறார்கள். முளைத்துவிட்டதா என்று சின்னப்பன் தினமும் தோண்டிப் பார்க்கிறான். அவனுக்குப் பயந்தே அது இன்னும் முளைக்கவில்லை. ஏரிக் களிமண்ணில் மாடும் செய்தான். கொம்பு நிற்கவில்லை. அதனால் அது கழுதை என்று சொல்லிவிட்டான். குடிலுக்குக் கழுதையும் வேண்டியதுதானே? பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

வண்ணக் காகிதம்தான் இந்த ஊர்க் கடைகளில் இல்லவே இல்லை. கோவில் உபதேசியாரிடம் சொன்னேன். காகித வேலை தெரிந்த ஒரு பெண்ணைப் பதினெட்டாம் தேதி சனிக்கிழமை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் மகாராணியிடம் சொல்: அவள் சோற்றில் இந்தப் பிள்ளைகள் பங்கு கேட்கவில்லை. கிறிஸ்மஸுக்கு ஒரே ஒரு நாள் அவர்கள் அப்பனை அனுப்பிவைக்கட்டும்.

கோபத்தோடும், விட்டுப்போகாத ஆசீர்வாதத்தோடும்,
அக்காள் இன்னாசியம்மாள்


சேசு மரி சூசை

விழுப்புரம்,
19-12-1943

அருள்நாதா,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. பேனாவை உதறிப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை.

நேற்றுக் காலை பத்து மணிக்கு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். ஒல்லியான உடம்பு, கையில் சுருட்டிய காகிதக் கட்டு. பச்சை, சிவப்பு, மஞ்சள், எல்லாம் புதுச்சேரிச் சரக்கு. உபதேசியார் அனுப்பிய பெண்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். "வா வா, ஏன் இவ்வளவு நேரம்? உட்காரு" என்று அதட்டி, அவள் வாயைத் திறப்பதற்குள் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டேன். உன் கல்யாணத்துக்கு முட்டி வலி என்று சொல்லி வராமல் இருந்தேனே, அந்த வீம்புக்குக் கிடைத்த கூலி இது. வந்திருந்தால் மணப்பெண்ணின் முகமாவது தெரிந்திருக்கும்.

ஆமாம், வந்தது சவுரியம்மாள். உன் சவுரியம்மாளேதான்.

உபதேசியார் சொன்ன பெண் வரவேயில்லை, மத்தியானம் வரைக்கும் எனக்கு அது தெரியாது. வந்தவள் என் தவளையை அவிழ்த்துப் போட்டாள். குச்சிகளை ஒரே அளவாக நறுக்கினாள். அரைமணி நேரத்தில் அது நட்சத்திரமாயிற்று. காகிதத்தை எட்டாக மடித்து ஒரே வெட்டில் பூ விரிகிறாற்போல் வெட்ட மேரிக்குச் சொல்லிக் கொடுத்தாள். யாரிடமும் ஒட்டாத உன் மகள் அவள் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் பிள்ளைகள் இரண்டும் களிமண் எடுக்க ஏரிக்கரைக்குப் போயின.

கை வேலை செய்தால் என் வாயும் வேலை செய்யும், உனக்குத் தெரியாதா? பசையைக் கிண்டிக்கொண்டே ஆரம்பித்தேன். "திண்டிவனத்துல என் தம்பிக்கு ஒரு மகாராணி வாய்ச்சிருக்கா. பவுடர் பூசிக்கினு கண்ணாடி முன்னால உக்காந்திருப்பா போல." வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வீரம்மாள், "மூஞ்சி எப்படிக்கா இருக்கும்?" என்றாள். "யாரு பார்த்தா? ஆந்தை மாதிரி இருக்கும்னு நெனச்சுக்கினு இருக்கேன்" என்றேன். வந்தவள் தலை நிமிரவில்லை. காகிதத்தை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

"தாயில்லாத புள்ளைங்களை வேணாம்னுட்டாளே, பாவி" என்று நான் சொன்னதும் கத்தரிக்கோல் நின்றது.

"அப்படின்னு யாருக்கா சொன்னது?" என்றாள்.

"என் தம்பிதான் எழுதினான்" என்றேன்.

"எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரே. புள்ளைங்க வரமாட்டேன்னு அழுவுதுங்களாம். அக்கா அனுப்பவே மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிதாம். கல்யாணம் ஆன நாளா கேட்டுக்கினே இருக்கேன்க்கா" என்றாள்.

எந்தச் சண்டையானாலும் முடியும்வரை வேலியை விட்டு நகராத வீரம்மாள், சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள். எனக்குப் போக இடமில்லை, அது என் வீடு. பசைக் கையோடு நின்று, "ஆந்தைன்னு சொன்னது வந்து..." என்று இழுத்தேன். "வுடுங்கக்கா. நானும் உங்களை ராட்சசின்னு நெனச்சுக்கினுதான் ரயிலேறினேன்" என்றாள். சிரித்துவிட்டோம். பிறகு உன் நினைவு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

ஏண்டா, ரயிலில் ஏறினால் கண்ணைமூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிற தூரத்தில் இரண்டு பெண்பிள்ளைகளை ஒருத்திமேல் ஒருத்தி பல்லைக் கடிக்க வைத்துவிட்டு, நீ நடுவில் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாயா? அவளை மகாராணி என்று நான் திட்டிய திட்டெல்லாம் உன் கணக்கில் சேர வேண்டியது. அத்தனையையும் திரும்ப எடுத்து உன் தலையில் வைக்கிறேன், வாங்கிக்கொள்.

இன்னும் கேள். பிள்ளைகள் வந்ததும் சின்னப்பன் தன் களிமண் பொம்மைகளைச் சவுரிக்குக் காட்டினான். மாதா, பாலன், இடையர், அந்தக் கொம்பில்லாத கழுதை. "பாலனோட அப்பா சூசையப்பர் எங்கே?" என்று அவள் கேட்டாள். அவன் அடுப்பங்கரை மூலைக்கு ஓடிப்போய் ஒரு பொம்மையை எடுத்துவந்தான். அதன் முதுகில் ஒரு மூட்டை.

"இவரு மண்டிக்குப் போயிருக்காரு. மல்லாட்டை சீசன். முடிஞ்சதும் வருவாரு" என்றான்.

"கொழந்தை பொறந்ததுக்குக்கூடவா வரமாட்டாரு?" என்றாள் சவுரி.

"லீவு கெடைக்காதுங்க" என்று சொல்லிவிட்டு, கொண்டுபோய் அதே மூலையில் வைத்தான். குறையாகச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தைத் தெரியாதவளுக்கு விளக்குகிறவன்போலச் சொன்னான். சவுரியம்மாள் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். நான் கூடப் போகவில்லை.

உன் சங்கதி எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. மேரிக்கு நாளாக ஆக அவள் அம்மாவின் முகம் வந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்க்க உன்னால் முடியவில்லை. என்னால் மட்டும் முடிகிறதா? தினமும் காலையில் அந்த முகத்துக்குத்தான் தலைவாரிப் பொட்டு வைக்கிறேன். அந்தப் பெண் என்னடா செய்வாள், வேறு முகத்துக்கு எங்கே போவாள்?

சவுரியம்மாள் சாயங்கால வண்டிக்கே போய்விட்டாள். திண்டிவனத்துக்குப் பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்தில் அம்மா வீட்டுக்குப் போவதாக உன்னிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். அதற்காக அவளை ஒரு வார்த்தை கேட்காதே. இத்தனை நாள் உன்னோடு குடித்தனம் செய்தவள் ஒரு பொய்கூடக் கற்றுக்கொள்ளாமல் இருப்பாளா? "நீங்களே எழுதுங்கக்கா. நான் கேட்டா தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிடுவாரு" என்றாள். அதனால் எழுதுகிறேன். கடிதத்தையும் தள்ளிவிட்டு எழுந்து போவாய். போ. திரும்பி வந்து மீதியைப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

கிறிஸ்மஸுக்கு முதல் நாளே இரண்டு பேரும் வாருங்கள். சீசன், லீவு என்று ஒன்றும் எழுதாதே. அந்தக் காரணங்கள் எல்லாம் உன் மகனுக்கே மனப்பாடம்.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவதானால் போ. அதுதான் நியாயம், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை இங்கே இருந்தால் நல்லது. பள்ளிக்கூடத்து லீவு இருக்கிறது, அதற்காகச் சொல்கிறேன். மேரி பசிக்கிறது என்று சொல்லமாட்டாள், நாமாகப் பார்த்துப் போட வேண்டும். சின்னப்பனுக்குத் தூக்கம் வருவதற்கு முன் காது சிவக்கும், அப்போது படுக்க வைத்தால் அழமாட்டான். பிள்ளை பெறாத எனக்கே இதெல்லாம் தெரிந்துபோயிற்று. பெற்ற நீயும் எழுதி வைத்துக்கொள்.

எந்த வண்டிக்கு வருகிறீர்கள் என்று முன்னதாகவே கார்டு போடு. திடுதிப்பென்று வந்து நிற்காதே. பலகாரம் சுட எனக்கு நேரம் வேண்டும். வேறொன்றுமில்லை.

தேவமாதா உங்கள் நாலு பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

அக்காள்
இன்னாசியம்மாள்