துரை வாசலை அடைத்த நாட்கள்

மார்ச் 9

துரை இன்று ஒரு சில்வண்டு சாப்பிட்டார். பூச்சியை இடுக்கியால் உள்ளே விட்ட கையோடு நான் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டேன். ஐம்பத்திரண்டு வயது எனக்கு. முப்பது வருடமாக ரத்தமும் சளியும் சிறுநீரும் பார்க்கிற லேப் டெக்னீஷியன். எதிரில் இருப்பது உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று, அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள், மூடி போட்டு. அதற்கு ஒரு நாற்காலி! நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

தம்பி கப்பலேறி மூன்று வாரம் ஆகிறது. வெல்டர் வேலை, ஒன்பது மாத ஒப்பந்தம். பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது அவன் பேசியது மொத்தமே இவ்வளவுதான்: "டாரன்டுலா. சீண்டாம இருந்தா கடிக்காது. வாரம் ஒரு பூச்சி, அந்த பாட்டில் மூடியில தண்ணி. எனக்கு வேற ஆள் இல்லக்கா."

ஆறு வருடத்தில் அவன் என்னிடம் இத்தனை நீளமாகப் பேசியதில்லை. அக்கா என்று வேறு சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காக முதலையைக் கொடுத்திருந்தாலும் வாங்கி வைத்திருப்பேன்.

மார்ச் 16

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கப்பலிலிருந்து பேசுகிறான். ஐந்து நிமிடம். நாலு நிமிடம் துரையைப் பற்றி, ஒரு நிமிடம் "அப்புறம்", "அப்புறம்".

ஏன் அந்தப் பேர் என்று கேட்டேன். "கூப்பிட்டா வர மாட்டான். அவனுக்கா தோணுனாதான் வெளிய வருவான். அதான்." ஆண் என்று எப்படித் தெரியும்? தெரியாதாம், ஒரு நினைப்புதானாம். ஆணாக இருந்தால் முழு வளர்ச்சி வந்த பிறகு ஒரு வருடம் தாண்டுவது கஷ்டமாம். பெண்ணாக இருந்தால் இருபது வருடம் கூட இருக்குமாம். "நான் வரும்போது இருப்பானோ என்னமோ, பாப்போம்" என்றான், பஸ் வருமா என்று கேட்கிற குரலில். அவன் எப்போது அந்தக் குரலில் பேசுவான் என்று எனக்குத் தெரியாதா? தூக்கி வளர்த்தவள் நான்.

மார்ச் 28

துரை கதவைச் சாத்திவிட்டார். பொந்து வாசலை மண்ணும் நூலும் கலந்து பூசி அடைத்திருக்கிறார், எந்தக் கொத்தனாரும் அப்படிப் பூச மாட்டார். விட்ட சில்வண்டு வெளியே ராஜநடை போடுகிறது.

பூச்சி விற்கிற மீன் கடைக்காரரிடம் ஓடினேன். "சட்டை உரிக்கப் போகுதும்மா. அந்தப் பூச்சிய மொதல்ல வெளிய எடுங்க. உரிக்கிற நேரம் அதால அசைய முடியாது, பூச்சி அதையே கடிச்சுத் தின்னுடும்."

"எத்தனை நாளு ஆகும்?"

"அது அதோட இஷ்டம். பத்து நாளும் ஆகலாம், அஞ்சு மாசமும் ஆகலாம்."

"நடுவுல லேசா கிளறிப் பாக்கலாமா?"

"கிளறுனீங்கன்னா செத்துது."

சில்வண்டைப் பிடிக்க முக்கால் மணி நேரம். அது பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

ஏப்ரல் 6

ஒன்றுமில்லை. வாசலை அடைத்துவிட்டதைத் தம்பியிடம் சொன்னேன். தண்ணீர் மாற்றினேன்.

ஏப்ரல் 20

எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எழுதிவிடுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன், முதல் தடவை அவன் கப்பலுக்குப் போனபோது ஓர் ஆமையை என்னிடம் விட்டுப் போனான். குளிர் காலம். ஆமை சாப்பிடுவதை நிறுத்தியது. தலை, கால் எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு துவைக்கிற இடத்தில் வாளிக்குப் பின்னால் கிடந்தது. தட்டிப் பார்த்தேன், காலைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள் செருப்பு டப்பாவில் வைத்துப் பின்னால் செடியடியில் புதைத்துவிட்டேன். லேபில் ஒரு துளி ரத்தத்தை இரண்டு தடவை பார்க்காமல் கையெழுத்துப் போடாதவள் நான்.

அதன் பிறகு அவன் போன் செய்தபோதெல்லாம் "நல்லா இருக்கு, நல்லா சாப்பிடுது" என்றேன். மூன்று மாதம். ஊர் திரும்பியதும் பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக இங்கே வந்தான். ஆமைக்குக் கொடுக்க ஒரு வெள்ளரிக்காய் கையில்.

"குளிர்ல அது தூங்கும்க்கா." அவ்வளவுதான் சொன்னான். வெள்ளரிக்காயை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அதை நான் நறுக்கவும் இல்லை, எறியவும் இல்லை. அழுகும் வரை அங்கேயே கிடந்தது.

அது உயிரோடு இருந்ததா? இன்றுவரை தெரியாது. தெரியாது என்பதுதான் எனக்குத் தண்டனை. அப்படிப்பட்டவளிடம் அவன் ஏன் இன்னோர் உயிரைக் கொண்டுவந்து வைத்தான்? வேறு ஆள் இல்லை என்றால், ஊரில் அவனுக்கு இருக்கிற அத்தனை சிநேகிதர்களும் யார்?

மே 3

வீட்டுக்கார அம்மா மேலிருந்து இறங்கி வந்தார். பெட்டியை எட்டிப் பார்த்து, "என்ன செடி வெச்சிருக்கீங்க? ஒண்ணும் முளைக்கலையே?" என்றார்.

"கொஞ்சம் மெதுவா முளைக்கும்" என்றேன்.

மே 5

வாசலில் ஒரு பை எரு. வீட்டுக்கார அம்மாதான். நல்ல மனுஷி.

மே 18

"எப்படி இருக்கான்?" என்று கேட்டான். "நல்லா இருக்கான்" என்றேன். "வெளிய வந்தானா?" "வந்தான்."

ஏன் சொன்னேன்? யாராவது கழுத்தில் கத்தி வைத்தார்களா? வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் "ஓ" என்றான். பிறகு லைன் போய்விட்டது. போய்விட்டதா, அவன் வைத்தானா?

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாதாம். பூனைக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லையே. ஏன்டி இப்படிப் பண்ற? ஆறு வருஷம் பத்தலையா உனக்கு?

மே 22

ஐம்பத்தைந்து நாள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். மண் வாசனை மட்டும். செத்திருந்தால் நாறுமே. காய்ந்து போயிருந்தால் நாறாது. ஆக, இந்தச் சோதனையால் ஒன்றும் தெரியவில்லை.

மே 25

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கையில் கரண்டியோடு பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். உயிரோடு இருந்தால் நல்லது. இல்லையென்றால் அதுவும் தெரிந்துவிட்டால் போதும், இப்படி அந்தரத்தில் தொங்க முடியவில்லை என்று இருந்தது. மூடியையும் திறந்துவிட்டேன். கரண்டி நுனி மண்ணில் பட்டது. அப்போதுதான் உறைத்தது. ஆமையையும் 'தெரிந்துவிட்டது' என்றுதானே புதைத்தேன்?

கையை எடுத்துக்கொண்டேன். நாலு மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். போன் வந்ததும் நலம் கூட விசாரிக்கவில்லை.

"போன வாரம் பொய் சொன்னேன்டா. அம்பத்தெட்டு நாளா நான் அவனப் பாக்கவே இல்ல. இருக்கானா போயிட்டானான்னு தெரியல. தோண்டிப் பாத்துடலாம்னு கையில கரண்டி வெச்சிருக்கேன்."

எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினான்:

"கரண்டியக் கீழ வை."

"வெச்சுட்டேன்."

"என்ன கரண்டி?"

"சாம்பார் கரண்டி."

சிரித்துவிட்டான். ஆறு வருடம் கழித்து அவன் சிரிப்பைக் கேட்கிறேன். பல் விழுந்த வயதில் சிரித்த அதே சிரிப்பு. பிறகு சொன்னான்:

"வந்தான்னு நீ சொன்னப்பவே தெரியும்க்கா. வாசல அடைச்சவன் எப்படி வருவான்? திரும்ப ஆரம்பிச்சுட்டியேன்னு இருந்துச்சு. இந்த ஒரு வாரமா சாப்பாடே எறங்கல. ஆமை போனதுக்கு எனக்குக் கோவம் இல்ல. தெரியாமப் பண்ணது. மூணு மாசம் நல்லா சாப்பிடுதுன்னு சொன்னியே, அதுக்குத்தான்."

"தப்புதான்டா" என்றேன். "அன்னிக்கே சொல்லியிருக்கணும்." அழுதேன், வேறென்ன.

"சரி விடு. தோண்டாத. இருந்தா இருக்கட்டும், போனா போகட்டும். நீ பாத்தத மட்டும் எனக்குச் சொல்லு."

பார்த்ததை மட்டும் சொல்வது. முப்பது வருடமாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

ஜூன் 1

இன்று தம்பிக்குக் கொடுத்த ரிப்போர்ட்: மண், ஈரம் சரி. தண்ணீர், அரை மூடி. வாசல், அடைத்தபடி. சிலந்தி, காணப்படவில்லை.

"டாக்டர் கையெழுத்து எங்க?" என்று கேட்டான்.

ஜூன் 22

இப்போதெல்லாம் அரை மணி நேரம் பேசுகிறோம். துரையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மீதி நேரத்துக்கு மற்றதெல்லாம் வருகிறது. கப்பல் சமையல்காரர் எல்லாவற்றிலும் மிளகைக் கொட்டுவது, அவனுக்குத் தோளில் வலி, அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டு இரட்டையர் மாதிரி அனுப்பியது. எட்டு வயது வித்தியாசத்தில் இரட்டையர்! துரை மட்டும் வாரா வாரம் வெளியே வந்து பூச்சி தின்றுகொண்டிருந்தால் இதெல்லாம் பேசியிருப்போமா? உள்ளேயே இருங்கள் துரை. உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

ஜூலை 14

நூற்றெட்டு நாள். காணப்படவில்லை.

ஆகஸ்ட் 3

காலையில் தண்ணீர் மாற்றப் போனால் பொந்துக்கு வெளியே துரை கிடக்கிறார். கால்கள் எட்டும் மடங்கி, சுருண்டு, அசைவில்லாமல்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐயோ, இத்தன நாள் காத்திருந்தேனே. இன்னும் மூணு மாசம் இருந்திருக்கக் கூடாதா? அவனுக்கு என்ன சொல்வேன்? வாய்விட்டே கேட்டேன், ஒரு பூச்சியிடம். அழுதுகொண்டே எழுந்து போய்ச் செருப்பு டப்பாவையும் எடுத்து வந்துவிட்டேன். டப்பாவைப் பார்த்ததும் கை நின்றது.

பார்த்ததை மட்டும் சொல்.

சரி, பார்ப்போம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இடுக்கியால் எடுத்தேன். கனமே இல்லை. காய்ந்த வெங்காயத்தோல் இதைவிடக் கனக்கும். திருப்பினேன். தலைப்பக்கம் டிபன் டப்பா மூடி போலத் திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கால்களுக்குள்ளும் இல்லை.

சட்டை! சட்டையைக் கழற்றி வெளியே போட்டிருக்கிறார், துவைக்கப் போடுகிற மாதிரி. பொந்தைப் பார்த்தேன். வாசல் திறந்திருந்தது. இருட்டில் புத்தம்புது கறுப்பாக ஒரு கால் நுனி, அதன் பக்கத்தில் இன்னொன்று. கண்ணாடியில் மூக்கு அழுந்த எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. நாற்காலி ஞாபகமே வரவில்லை.

நாலு மணிக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினான். "எஞ்சின் புகை" என்றான். அப்புறம், "அந்தச் சட்டையப் பத்திரமா வை. உள்ள பாத்தா ஆணா பொண்ணான்னு தெரியுமாம். எனக்குப் பாக்கத் தெரியாது" என்றான்.

எனக்குத் தெரியுமே!

ஆகஸ்ட் 4

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லேப் மைக்ராஸ்கோப். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வயிற்றுப் பக்கத்துத் தோலை ஊசியால் மெல்லப் பிரித்தேன். புற்று இருக்கிறதா என்று பார்க்கிற ஸ்லைடைக்கூட இத்தனை பதமாகத் தொட்டதில்லை. டாக்டரம்மா பின்னால் வந்து நின்று, "என்ன சாம்பிள் அது?" என்றார்.

"எங்க குடும்பத்து சாம்பிள், மேடம்."

விஷயத்தைச் சொன்னேன். சாப்பாட்டை விட்டுவிட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். படத்தைத் தேடி எடுத்து, ஆள் மாற்றி ஆள் மூன்று தடவை பார்த்தோம். பெண்ணாக இருந்தால் மேல் வரிசை நுரையீரல் இரண்டுக்கும் நடுவே சின்னதாகப் பை போன்ற ஒரு மடிப்பு இருக்குமாம். இருந்தது.

லேப் காகிதத்திலேயே அடித்தேன். பெயர்: துரை. வயது: நாலுக்கு மேல். முடிவு: பெண். டாக்டரம்மா சிரிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படம் எடுத்து அனுப்பினேன்.

இருபது வருடம். கடவுளே, உனக்கு நன்றி.

ஆகஸ்ட் 7

தம்பியிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை: "துரைசாணி!"

ஆகஸ்ட் 20

துரைசாணி இன்று சில்வண்டு சாப்பிட்டாள். வீட்டுக்கார அம்மா வந்து செடி முளைத்ததா என்று கேட்டார். இனிப் பொய் வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் ஏறி நின்றதும் அதே நாற்காலிதான்.

நவம்பர் 15

நேற்று துரைசாணி மறுபடியும் வாசலை அடைத்துவிட்டாள். இன்று தம்பி வந்துவிட்டான்.

ஒன்பது மாதம் கழித்து வந்தவன் பையைத் தோளிலிருந்து இறக்காமலே பெட்டி முன்னால் போய் நின்றான். வெறும் மண். "குளிருக்கு அடைச்சிருப்பா" என்றான். பிறகு மூடியை மெதுவாகத் திறந்து ஒரு விரலை உள்ளே விட்டான்.

"தோண்டாதடா!" என்றேன். "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா?"

திருட்டு முழி முழித்தபடி விரலை எடுத்துக்கொண்டான்.

எப்போது எடுத்துக்கொண்டு போகப் போகிறாய் என்று கேட்டேன்.

"வாசல அடைச்சிருக்கும்போது வீடு மாத்தக் கூடாதுக்கா. இங்கயே இருக்கட்டும். நான் ஞாயித்துக்கெழம, ஞாயித்துக்கெழம வந்து பாத்துக்கறேன்."

"அடுத்த தடவ கப்பலுக்குப் போறப்போ? உனக்குத்தான் வேற ஆள் இல்லையே."

"ஆள் இருந்தாங்க" என்றான், என்னைப் பார்க்காமல். "மூணு பேரு நான் வெச்சுக்கறேன், நான் வெச்சுக்கறேன்னு கேட்டாங்க."

அவன் பைக்குள் கையை விட்டு ஒரு வெள்ளரிக்காயை எடுத்து மேஜையில் வைத்தான்.

"நறுக்குக்கா. பசிக்குது."

நறுக்கினேன். இரண்டு பேரும் பெட்டி முன்னால் உட்கார்ந்து, மண்ணைப் பார்த்தபடி, உப்புத் தொட்டுச் சாப்பிட்டோம்.