மறுபடியும் எண்ணிய கைகள்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும்தான் எங்களோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் கண் விழித்ததும் நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் உனக்கு வேறு யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள், ஒரு நிமிஷம்மா என்கிறாய், அந்த ஒரு நிமிஷம் முடிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது பார். நீ அனுப்பிய மூக்குக்கண்ணாடி எனக்கு அளவெடுத்தாற்போல் பொருந்திவிட்டது, அப்பா இத்தனை நாள் எவ்வளவு அரைகுறையாகச் சவரம் செய்துகொண்டிருந்தார் என்பது இப்போதுதான் தெரிகிறது. உனக்கு ரொம்ப நன்றிம்மா.

போன தடவை நீ பேசியது என் மனதை விட்டுப் போகவேயில்லை. உங்கள் ஊரில் தேர்தல் வருகிறது, உனக்கும் ஓட்டு உண்டு, ஆனால் பெயர் பதிய நீ போகவில்லை என்றாய். யார் வந்தாலும் ஒண்ணுதான், பார்க்கிற வீடியோ நிஜமா பொய்யான்னே தெரியலை, எங்க ஆபீஸ்ல நாங்க செய்யற மெஷினே இவங்களைவிட நியாயமா முடிவு பண்ணும், என் ஒரு ஓட்டுல என்னம்மா மாறப்போகுது என்றாய். நீ சொன்னதில் பாதி உண்மை, ஜெயித்து வந்தவர்கள் செய்கிற கூத்தை நானும்தான் பார்க்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நம் குடியிருப்பில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

அப்பா இந்த வருஷமும் சங்கச் செயலாளர். போன வருஷக் கூட்டத்தில் லிஃப்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்கே கத்தி, ஒரு நாற்காலியின் காலை உடைத்தார்கள் அல்லவா, அதிலிருந்து அவருக்குக் கூட்டம் என்றாலே வெறுப்பு. அதனால் ஒரு செயலியைப் பிடித்துக்கொண்டு வந்தார். போனில் இருக்கிற நம் குடியிருப்புக் குழுவில் யார் என்ன எழுதுகிறார்கள், யார் எதற்குச் சரி என்று கட்டைவிரல் படம் போடுகிறார்கள் என்றெல்லாம் அதுவே படித்துப் பார்த்துப் பெரும்பாலோர் விருப்பம் இதுதான் என்று சொல்லிவிடுமாம். மனுஷன் தப்பு பண்ணுவான், இது பண்ணாது என்று புது மாப்பிள்ளையைப் புகழ்கிற மாதிரி புகழ்ந்தார். நானும் நிம்மதி என்றுதான் நினைத்தேன், நாற்காலியாவது மிஞ்சுமே.

கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டி வாடகைக்கு இருக்கும் தையல்காரம்மா உனக்கு நினைவிருக்கும், உன் அறைத் திரைச்சீலை அவள் தைத்ததுதான். கணவர் போன பிறகு பள்ளிச் சீருடை தைத்துத்தான் இரண்டு பெண்களையும் படிக்க வைக்கிறாள். இப்போது மோட்டார் வைத்த மெஷின் வாங்கியிருக்கிறாள், அது கொஞ்சம் சத்தம்தான். மூன்றாம் மாடியில் ஒருவர் இருக்கிறாரே, தெருவில் பூனை நடந்தால்கூட வர்ணனை செய்வாரே, நாம் கமெண்டரி சார் என்போமே, அவர் குழுவில் தினம் ஒரு நீளச் செய்தி போட ஆரம்பித்தார். வீடு குடியிருக்க, தொழிற்சாலை நடத்த அல்ல என்று. செயலி எல்லாவற்றையும் படித்துவிட்டு, பெரும்பாலோர் வீட்டில் தைப்பதை விரும்பவில்லை, நிறுத்தச் சொல்லலாம் என்று தீர்ப்பு எழுதிவிட்டது. அப்பாவும் அறிவிப்பு ஒட்டப் பசையோடு கிளம்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் பசை டப்பாவைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டீங்களா என்றால், எல்லாரும்தானே சொல்லியிருக்காங்க என்கிறார். எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன், போனை நீட்டிக் காட்டினார். பத்து வீடு கேட்டால் கூட்டம் போட்டே ஆக வேண்டும் என்று சங்கத்தில் விதி இருக்கிறது, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறிப் பத்து வீடு சேர்த்தேன். இரண்டு நாள் வீட்டில் எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, உப்பு வேண்டுமென்றால்கூடச் சாடையில்தான் கேட்டார்.

கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். செயலி மேல் இருக்கிற நம்பிக்கையில் அப்பா போனைக் கையில் பிடித்துக்கொண்டு, நிறுத்தச் சொல்லி ஆதரித்த வீடுகள் என்று ஒவ்வொன்றாகப் படித்தார். படித்துக்கொண்டே வந்தவர் கீழ்த்தளம் கடைசி வீடு என்றதும் நின்றுவிட்டார். அது தையல்காரம்மாவின் வீடு. அவள் எழுந்து, மூணாம் மாடி சார் முதல்ல எல்லாருக்கும் காலை வணக்கம்னு போட்டிருந்தாரு, பதிலுக்கு மரியாதை செய்யணுமேன்னு கட்டைவிரல் போட்டேன், கீழ என்னைப் பத்தி எழுதியிருந்ததை அப்புறம்தான் படிச்சேன் என்றாள். முதலில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, நானும் அப்படித்தான் போட்டேன், நானும் அப்படித்தான் என்று ஆரம்பித்தார்கள். யார் எது அனுப்பினாலும் படிக்காமல் கட்டைவிரல் போடுவது நம் ஆட்களின் பழக்கம்தானே, போடாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயம். அப்பாவும் ஒன்று போட்டிருந்தார். பாப்பா, தன் பிழைப்பைக் கெடுக்கத் தானே ஓட்டுப் போட்டதாக ஒரு பெண்ணைக் கணக்கில் எழுதியிருக்கிறது அந்தச் செயலி.

இரண்டாம் மாடி நர்ஸ் எழுந்து, ராத்திரி வேலை முடிச்சு வர்றேன், காலையில மட்டும் தூங்கவிட்டா போதும், அவங்களை நிறுத்தச் சொல்லி நான் எப்போ கேட்டேன் என்றாள். அப்படியானால் காலையில் துணி வெட்டுகிற வேலையை வைத்துக்கொண்டு மதியத்துக்கு மேல் மெஷினை ஓட்டுகிறேன் என்று தையல்காரம்மா சொன்னாள். அதில் அவளுக்கு நஷ்டம் இருக்கிறது, முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். கமெண்டரி சார் விடவில்லை. நாளைக்கு யாராவது வெல்டிங் பட்டறை வெச்சா என்ன செய்வீங்க என்றார், அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார், அந்தத் தைரியத்துக்காக அவரை மெச்ச வேண்டும். கேள்வியும் நியாயமான கேள்விதான், அவர் கேட்டதால் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். அப்பா எண்ணினார். மதியத்துக்கு மேல் தைக்கலாம் என்பதற்கு நல்ல பெரும்பான்மை. அறிவித்து முடித்து, எல்லோரும் நாற்காலியை மடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் தையல்காரம்மா மெதுவாகக் கையைத் தூக்கினாள். வாடகைக்கு இருப்பவள், தன் விஷயத்துக்குத் தானே கை தூக்கலாமோ கூடாதோ என்று அதுவரை மடியிலேயே வைத்திருந்திருக்கிறாள். என்னையும் எண்ணியிருக்கலாமா சார் என்று கேட்டாள். அதான் ஜெயிச்சாச்சேம்மா, இனிமே எதுக்கு என்று யாரோ சொன்னார்கள். அப்பா போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு, எல்லாரும் உக்காருங்க, மறுபடியும் கை தூக்குங்க என்றார். பஸ் கண்டக்டராக இருந்த மனிதர் அல்லவா, ஒரு தலை விட்டுப்போனால் முதல் இருக்கையிலிருந்து திரும்ப எண்ணுவதுதான் அவர் வழக்கம். மடித்த நாற்காலிகளை விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள், கமெண்டரி சாரும் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து, எதிர்ப்பவர்கள் என்றபோது கையை நேராகத் தூக்கினார். அப்பா ஒவ்வொரு நாற்காலி முதுகையும் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். அவளிடம் வந்ததும் அந்த எண்ணை மட்டும் உரக்கச் சொன்னார். இத்தனை வருஷம் இவரோடு குடும்பம் நடத்தியதற்கு அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு நன்றியாக இருந்தது என்று உன்னிடம்தான் சொல்ல முடியும். அவரிடம் சொன்னால் தலைகால் புரியாது.

இப்போது கீழே மெஷின் ஓடுகிறது, நர்ஸ் காலையில் தூங்குகிறாள். செயலியைத் தூக்கிப் போடவில்லை, தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் சொல்கிற வேலை கொடுத்திருக்கிறோம், அதைப் பொறுப்பாகச் செய்கிறது. நீ செய்கிற வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை கண்ணு. உன் படிப்பும் உன் சம்பாத்தியமும்தான் எங்களை நிமிர்ந்து நடக்க வைக்கின்றன, அதற்கு நாங்கள் தினமும் நன்றி சொல்கிறோம். அந்தச் செயலி மாதிரி எதையாவது நீ செய்யும்போது, வணக்கத்துக்குப் பதில் போடுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று கொஞ்சம் நினைத்துக்கொள், அது போதும்.

காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. மாப்பிள்ளையின் இருமலை டாக்டரிடம் காட்டு. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், மனம் விட்டுச் சிரித்துக்கொண்டு நெடுங்காலம் வாழ எங்கள் ஆசி. பெயர் பதியக் கடைசி நாள் இன்னும் வரவில்லை என்று அப்பா விசாரித்துச் சொன்னார். நீ போகாவிட்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். உன் ஓட்டால் எதுவும் மாறாமலே போகலாம், தையல்காரம்மாவின் கையாலும் அன்றைக்கு எதுவும் மாறவில்லை. ஆனால் என் மகளை விட்டுவிட்டு எண்ணுகிற எந்தக் கணக்கும் எனக்குச் சரியான கணக்காகத் தோன்றாது.

என்றும் உன் நினைவாக,
அம்மா